அந்தோனியார் பாண்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் என்னை எல்லோரும் மாட்டு டொக்டர் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பகுதியில் நான் வைத்தியம் பார்த்த காலம் முழுவதும் ஒரு மாட்டின் வாலைக்கூடத் தொட்டதில்லை. வந்ததெல்லாம் நாய், பூனை, கிளி. ஒருமுறை முகத்துவாரத்திலிருந்து சாக்கில் கட்டி ஓர் ஆமையைக் கொண்டுவந்தார்கள். ஆமைக்கு ஒரு வருத்தமும் இல்லை, தின்னலாமா என்று கேட்டுப்போக வந்திருந்தார்கள். ஆனாலும் "மாட்டு டொக்டர் நிக்கிறாவோ?" என்று வாசலில் குரல் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுள்ளென்று ஏறும். "மாடு ஒண்டும் நிக்கேல்லை, டொக்டர் மட்டும்தான் நிக்கிறன்!" என்று உள்ளேயிருந்து கத்துவேன். ஒருவரும் அதைக் கணக்கெடுத்ததில்லை.

யுத்த காலம். நான் வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தேன். அங்கிருந்து பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்வதற்குள் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை எத்தனை தரம்தான் நீட்டுவது! என்ன வேலை என்று கேட்பார்கள். மிருக வைத்தியர் என்று சொன்னதும் துவக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு, ஊரில் தங்கள் நாய்க்குச் சொறி, என்ன மருந்து போடலாம் என்று கேட்பார்கள். இப்படி வீதியில் நின்றபடியே, கண்ணால் காணாத எத்தனையோ நாய்களுக்கு மருந்து சொல்லியிருக்கிறேன். எல்லா நாய்க்கும் சொறிதான்.

என்னுடைய கிளினிக் ஒரு மருந்துக் கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறை. நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் வருகிறவர்கள் இருக்க இரண்டு வாங்குகள், அந்தப் பக்கம் ஓர் இரும்பு மேசை. எனக்கு உதவிக்கு ஒரு நானா இருந்தார். பக்கத்துத் தெருவில் குடும்பத்தோடு இருந்த, என்னைவிட வயதில் மூத்த முஸ்லிம் மனிதர். நாய்களைப் பிடிப்பதில் கெட்டிக்காரர். பூனையென்றால் மட்டும் அவருக்கு அவசரமாக வெளியில் ஏதாவது அலுவல் வந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை, வயதான கணவனும் மனைவியும் தங்கள் நாயைத் த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர் துறைமுகத்தில் கிளாக்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். அவருடைய மனைவி கழுத்தில் செபமாலையும் கையில் விசிறியுமாக வந்திருந்தார். நான் அவர்களை அங்கிள், அன்ரி என்று கூப்பிட்டேன். கபில நிறப் பெட்டை நாய், இனம் சொல்ல முடியாத கலப்பு. வயிறு தண்ணீர்ப் பானை மாதிரி ஊதியிருந்தது, கண்ணில் உயிர் இல்லை.

"எப்ப தொடக்கம் சாப்பிடேல்லை?" என்று கேட்டேன்.

அன்ரி குனிந்து நாயின் ஒரு காதுக்குள், "பிள்ளை, அப்பாட்டக் கேள், ஞாயிற்றுக்கிழமை நீ ஏதும் சாப்பிட்டனியோ எண்டு" என்றார்.

அங்கிள் மற்றக் காதுக்குக் குனிந்தார். "அம்மாட்டச் சொல்லு, கோழிக்கால் வச்சனான், மணந்துபோட்டு விட்டிட்டாய் எண்டு."

என் காதில்தான் ஏதோ பிழை என்று நினைத்தேன். "தண்ணி குடிக்குதோ?" என்று அடுத்ததைக் கேட்டேன்.

"பிள்ளை, அப்பாட்டச் சொல்லு, வாளித் தண்ணியைக் குடிச்சு முடிச்சிட்டாய் எண்டு டொக்டரிட்டச் சொல்லச் சொல்லி."

நாய் ஒருதரம் அவரைப் பார்த்தது, ஒருதரம் இவரைப் பார்த்தது. அதற்கு இது பழகிப்போன உத்தியோகம் என்று தெரிந்தது. எனக்குத்தான் விசர் பிடித்தது. "ஏன், நீங்கள் ரெண்டு பேரும் நேர கதைக்க மாட்டியளோ?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் தலை குனிந்துகொண்டார்கள். நானா பின்னால் நின்று என் சட்டையை இழுத்தார்.

சோதித்துப் பார்த்ததில் கர்ப்பப்பை முழுக்கச் சீழ். வெட்டி எடுக்காவிட்டால் உள்ளே வெடித்துச் செத்துப்போகும். மருந்தும் சேலைனும் ஏற்றி, நாளைக்கே ஒப்பரேஷன் என்று சொன்னேன். அன்ரி விசிறியால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே த்ரீவீலருக்குப் போனார். அங்கிள் பின்தங்கி நின்று, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார்.

அவர்களுக்கு ஒரே மகன். வகுப்பு முடிந்து வரும் வழியில் சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விட்டார்கள், ஆனால் திரும்பி வந்த பிள்ளை கதவு தட்டினாலே கட்டிலுக்கடியில் ஒளிகிற பிள்ளையாகிவிட்டான். அங்கிள் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சிக்காரனைப் பிடித்து இரகசியமாக எல்லாம் செய்தார். அன்ரி அறிந்தால் அழுது ஊரைக் கூட்டிவிடுவார் என்று பயம். நீர்கொழும்பில் சிநேகிதனின் கலியாணம் என்று சொல்லித்தான் பெடியன் வீட்டிலிருந்து இறங்கினான். கலியாணத்துக்கென்று அன்ரிதான் சேட்டை அயன் பண்ணிக் கொடுத்தார். பிறகு கனடாவிலிருந்து ரெலிபோன் வந்தது.

"அண்டைக்கு வாயை மூடினவ, டொக்டர். இனி உங்களோட ஒரு சொல்லுக் கதைச்சா நான் மனிசியில்லை எண்டிட்டா. முதல் சுவரோட கதைச்சவ. பேந்து நாயோட. சுவரைவிட நாய் பரவாயில்லை, வாலெண்டாலும் ஆட்டும்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"இது செத்துப்போச்செண்டா எங்கட வீட்டில ஒருதருக்கொருதர் ஒரு சொல்லுச் சொல்ல வழியில்லை. எப்பிடியும் தப்ப வச்சுத் தாங்கோ" என்றார். கையைக் கூப்பினார். என் வேலையில் எத்தனையோ பேர் இப்படிக் கைகூப்பியிருக்கிறார்கள். ஆனால் ஒரு நாய் போனால் ஒரு வீடே ஊமையாகிவிடும் என்று நான் அதுவரை நினைத்தும் பார்த்ததில்லை.

போகும்போது இரண்டு பேரையும் நிறுத்திவைத்துச் சொன்னேன். "இண்டைக்குப் பொழுதுபட்டதில இருந்து ஒண்டும் குடுக்கக்கூடாது. சோறு, பால், பிஸ்கட், எலும்பு, தேத்தண்ணி ஒண்டும் வேண்டாம்." மயக்க மருந்து ஏறினால் வயிற்றில் உள்ளது மேலே வரும், தொண்டையும் மயங்கிக் கிடக்கும், வந்தது நேரே மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும் என்று கையால் படம் கீறாத குறையாக விளங்கப்படுத்தினேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். நாயும்தான் கேட்டுக்கொண்டு நின்றது.

செவ்வாய்க்கிழமை காலை, ஒக்சிஜன் சிலிண்டரை நிரப்பி வர நானா த்ரீவீலரில் புறப்பட்டுப் போனார். மூச்சு ஊதும் ரப்பர் பையின் வாய் சிலிண்டர்க் குழாயோடு பொருந்தவில்லை என்று அதையும் கையோடு கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் ரெலிபோன் அடித்தது.

"டொக்டர், நான்தான், பொலிசுல இருந்து பேசுறேன். செலிண்டரயும் உடுறாங்க இல்ல, என்னயும் உடுறாங்க இல்ல."

"ஐயோ நானா, என்னவாம்?"

"செக் பண்ணுற எடத்துல புடிச்சிட்டாங்க. இது என்னண்டு கேட்டாங்க. ஒக்சிஜன் எண்டேன். யாருக்கு எண்டாங்க. 'பல்லாட்ட' எண்டேன். நாய்க்கு ஒக்சிஜனா, யாருக்குக் கதை உடுற எண்டு உக்கார வெச்சிட்டாங்க."

பொறுப்பாக நின்றவரிடம் ரெலிபோனைக் கொடுக்கச் சொல்லி, என் உடைந்த சிங்களத்தில் மன்றாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் தன் வீட்டு நாய்க்குச் சொறி என்றார். மருந்து சொன்னேன். நன்றி சொன்னார். சிலிண்டரைத் தனக்கு மேலே உள்ள பெரியவர் வந்து பார்த்தபிறகுதான் விடலாம் என்று ரெலிபோனை வைத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நாய்க்குச் சொறி மாறக்கூடாது என்று நினைத்தேன். பிறகு, பாவம், நாய் என்ன செய்யும் என்று அதை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அங்கிளும் அன்ரியும் வந்து வாங்கில் காத்திருந்தார்கள், நடுவில் நாய். காய்ச்சல் கூடியிருந்தது. வயிற்றைத் தொட்டாலே முனகியது. நாளைக்கு என்றால் நாய் இருக்காது. ஒக்சிஜன் இல்லாமல், நானா இல்லாமல் செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். அந்தக் காலத்தில் அப்படிச் செய்யாத நாள்தான் குறைவு.

"சாப்பிட ஏதும் குடுத்தனீங்களோ?"

"ஒரு சொட்டும் இல்லை, டொக்டர்" என்றார் அங்கிள்.

அன்ரியைப் பார்த்தேன். "சாப்பாடு ஒண்டும் குடுக்கேல்லை, தங்கச்சி" என்றார். அந்த முகத்தில் ஒரு துளி பொய் இல்லை. இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன், பொய் இல்லை.

நாயை மேசையில் கிடத்தினோம். அங்கிள் காலைப் பிடித்துத் தர ஊசியைப் போட்டேன். அது மெல்லச் சரிந்தது. அங்கிளைத் திரைக்கு வெளியே அனுப்பிவிட்டு, வாயைத் திறந்து மூச்சுக்குழாயில் விடும் ரப்பர்க் குழாயைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து நாயின் வயிறு ஒருதரம் குலுங்கியது. களுக்கென்று ஒரு சத்தம். பிறகு நெஞ்சு எழும்பவில்லை. நாக்கைப் பார்த்தேன், நாவற்பழம் தின்றது மாதிரி ஊதா நிறம்.

"அங்கிள்! அன்ரி! ஓடி வாங்கோ!"

திரை கம்பியோடு கழன்று விழுந்தது. அதைச் சரிபார்க்க யாருக்கு நேரம்? "அங்கிள், பின்னங்காலைப் பிடிச்சுத் தூக்குங்கோ, தலை கீழ வரட்டும்! அன்ரி, வாயை விரிச்சுப் பிடியுங்கோ!" அங்கிள் தூக்கினார். நான் நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு தொண்டைக்குள் விரலை விட்டுத் தோண்டினேன். கையோடு ஒரு கட்டி வந்தது. வெள்ளையாய், ஊறி, மெத்தென்று. இன்னொன்று வந்தது.

"என்ன இது? பாண்!" என்று கத்தினேன். "ஒண்டும் குடுக்கேல்லை எண்டனீங்களே!"

"சாப்பாடு குடுக்கேல்லை, தங்கச்சி" என்றார் அன்ரி, நாயின் வாயை விடாமல். "இது அந்தோனியார் கோயில் பாண். இண்டைக்குச் செவ்வாய்க்கிழமையெல்லே, அந்தோனியாற்ற நாள், விடியவே பேக்கரியில வாங்கி, கொச்சிக்கடைக்குப் போய்ச் சுவாமியாரிட்டக் குடுத்து ஆசீர்வதிச்சுக் கொண்டந்தனான். ரெண்டு நாளா ஒண்டும் தொடாத பிள்ளை, இதை மட்டும் வாங்கிச் சாப்பிட்டுது. அவர் செய்த புதுமையெண்டு நினைச்சனான்."

"பாண் பாண்தானே அன்ரி!"

"நற்கருணை எடுத்தா ஒருசந்தி விரதம் முறியுமே?" என்று கேட்டார் அன்ரி. எனக்கு வேதசாஸ்திரம் தெரியாது. நாய் செத்துக்கொண்டிருந்தது.

மேசையில் திரும்பக் கிடத்தி, தொண்டையைத் துணியால் துடைத்து, குழாயை உள்ளே விட்டேன். மூச்சு இல்லை. காதுக்கருவியை வைத்தேன். இதயம் எங்கோ தூரத்தில் ஒருதரம் அடித்தது, பிறகு அதுவும் இல்லை. ஊசியால் அட்ரினலினை ஏற்றினேன். மூச்சு ஊத வேண்டிய பை பொலிசில் விசாரணையில் இருந்தது. வேறு வழி? குழாயில் என் வாயை வைத்து ஊதினேன். புளித்த பாணும் மருந்தும் சேர்ந்து மணந்தது. "அங்கிள், விலாவில கையை வச்சு அமத்துங்கோ, விட்டு விட்டு, நிப்பாட்டாம!"

அங்கிள் அமத்தினார். அதை அமத்தல் என்று சொல்ல ஏலாது. கடித உறையில் முத்திரை ஒட்டுகிறவர் மாதிரி மெல்லத் தொட்டுத் தொட்டு எடுத்தார். எலும்பு முறிந்துவிடுமோ என்று பயம். நான் ஊதிக்கொண்டிருந்ததால் ஏசவும் முடியவில்லை. சேலைன் பையைத் தூக்கிப் பிடித்தபடி நின்ற அன்ரி பார்த்தார், பார்த்தார், பொறுக்கவில்லை.

"என்ன மனுசன் நீங்கள்! அமத்தச் சொன்னா தடவுறியள்! பெலமா அமத்துங்கோ!"

அங்கிளின் கை ஒரு கணம் நின்றுவிட்டது. அன்ரி அவருடைய முகத்தைப் பார்த்து நேரே சொல்லியிருந்தார். நாய் வழியாக இல்லை.

"என்னத்தைப் பாக்கிறியள்? அமத்துங்கோ!" பிறகு அணை உடைந்தது. "பெத்தவளுக்கு" ஒரு அமத்தல், "ஒரு சொல்லு" ஒரு அமத்தல், "சொல்லாம" ஒரு அமத்தல். "கலியாணமெண்டு... சொல்லி... ஏமாத்தி... அயன் பண்ணின... சேட்டோட... என்ர பிள்ளையை... ஏத்தி விட்ட... பாவி மனுசா..." ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கிளின் இரண்டு கையும் ஒன்றாக இறங்கி ஏறியது. படிக்கும்போது எங்களுக்குச் சொல்லித்தந்த தாளம் அதுதான், அச்சொட்டாக அதே வேகம். நான் குழாயிலிருந்து வாயை எடுத்து, "நிப்பாட்டாதேங்கோ அன்ரி! ஏசுங்கோ, கணக்கா இருக்கு!" என்று கத்திவிட்டுத் திரும்ப ஊதினேன்.

அன்ரிக்கு நான் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றில்லை. மகனின் பிரயாணத்திலிருந்து தொடங்கி, கலியாணம் கட்டிய நாளுக்குப் போய், அங்கிளின் தமக்கை அந்த நாளில் சொன்ன ஏதோ ஒரு சொல்லுக்கு வந்து நின்றார். அங்கிளுக்கு வியர்வையும் கண்ணீரும் சேர்ந்து மூக்கு நுனியால் நாயின் மேல் சொட்டியது. அவர் முகத்தில் பயம் இருந்தது. அதைவிடச் சந்தோசம் இருந்தது. வேறொருவர் அந்த நேரம் உள்ளே வந்திருந்தால் எங்கள் மூன்று பேரையும் கட்டி அங்கொடை விசர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்.

காதுக்கருவியில் முதலில் ஒரு தட்டு. பிறகு இன்னொன்று. பிறகு ஓடத் தொடங்கியது. நாய் ஒருதரம் விக்கி, தானே மூச்சை இழுத்தது. நாக்கு ஊதாவிலிருந்து சாம்பலாகி, சாம்பலிலிருந்து மெல்லச் சிவந்தது. "வந்திட்டுது" என்றேன். காதுக்கருவியைத் திரும்பவும் நெஞ்சில் வைத்துக் கேட்டேன்.

"அந்தோனியாரே!" என்றார் அன்ரி.

எனக்குப் பொறுக்கவில்லை. "அன்ரி, அந்தோனியார் தந்த பாண்தான் தொண்டையில நிண்டது!"

"அவர்தானே பேந்து எடுத்தும் விட்டவர்" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல். கையை விட்டு எடுத்தது நான். அதைச் சொல்லி என்ன பிரயோசனம்?

வயிற்றில் சீழோடு நாயை அப்படியே விடவும் முடியாது. மூச்சு சீராக வந்ததும் வெட்டினேன். அன்ரி சேலைன் பையைப் பிடித்தபடி கண்ணை மூடிச் செபமாலை சொன்னார். அங்கிள் நாக்கின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து "சிவப்பு, டொக்டர்... சிவப்பு... இன்னும் சிவப்புத்தான்" என்று துறைமுகத்தில் மூட்டைக்கணக்குச் சொல்லுகிற குரலில் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்ததை எடுத்து வாளியில் போட்டேன். அன்ரி ஒருதரம் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

தைத்து முடித்து நாயை நிலத்தில் சாக்கின்மேல் கிடத்தியபிறகு, சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு நானா வந்தார். "டொக்டர், ஒக்சிஜன் வந்திட்டு!" என்றார், ஏதோ யுத்தத்தில் வென்றவர் போல. நான் அவரைப் பார்த்த பார்வையில் சிலிண்டரைச் சத்தமில்லாமல் மூலையில் வைத்தார். "இனி தேவல்லியா?" என்று கேட்டார். பிறகு, அந்தப் பெரியவரும் தன் நாயை நாளைக்குக் கொண்டுவருவாராம் என்றார். என்ன வருத்தம் என்று நான் கேட்கவில்லை. விழுந்து கிடந்த திரையைத் தூக்கி மாட்டச் சொல்லிவிட்டு, கையைக் கழுவப் போனேன்.

பயம் முற்றாகத் தீரவில்லை. நெஞ்சுக்குள் பாண் துணுக்கு ஏதும் போயிருந்தால் நாளைக்குச் சளிக்காய்ச்சல் வரலாம். மயக்கம் தெளியாமலே சில நாய்கள் போய்விடுவதும் உண்டு. அதை அவர்களுக்கு ஒளிக்காமல் சொன்னேன். இரண்டு பேரும் சாக்கின் இரண்டு பக்கமும் நிலத்தில் இருந்துகொண்டார்கள். அங்கிள் தலைமாட்டில், அன்ரி கால்மாட்டில். கொஞ்ச நேரத்துக்கு முன் அவ்வளவு சொல் சொன்ன அன்ரியின் வாய் பழையபடி இறுகிவிட்டது. அங்கிள் ஒன்றிரண்டு தரம் அவரை ஏறிட்டுப் பார்த்தார், பிறகு நாயைப் பார்த்தார். இவ்வளவும் நடந்தும் இதுகள் பழையபடிதானா என்று எனக்கு இருந்தது.

நாய் ஒருதரம் கண்ணிமையைத் திறந்தது. தலையைத் தூக்கப் பார்த்தது, ஏலாமல் திரும்பச் சாக்கில் வைத்துவிட்டது. ஆனால் அந்தக் கண் எங்களைக் கண்டது, எனக்கு அது போதும். "இனிப் பயமில்லை" என்றேன். அங்கிள் நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு நாயின் காதுக்குக் குனிந்தார்.

"பிள்ளை, அம்மாட்டக் கேள், காலமை தொடக்கம் ஏதும் சாப்பிட்டவவோ எண்டு."

அன்ரி நாயைப் பார்த்தார். அது நாக்கை வெளியே விட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"அது மயக்கத்தில கிடக்குது, கண் தெரியேல்லையே?" என்றார். "என்னட்டக் கேளுங்கோ."

அங்கிள் தொண்டையைச் செருமினார். இத்தனை காலத்துக்குப் பிறகு மனைவியை நேரே கூப்பிடும் சொல் அவருக்கே புதிதாக இருந்தது போல.

"நீர்... சாப்பிட்டனீரே?"

"இல்லை" என்றார் அன்ரி. கொஞ்சம் பொறுத்து, "நீங்கள்?" என்று கேட்டார்.

அங்கிள் இல்லையென்று தலையை ஆட்டினார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவார் போலிருந்தது.